‘எப்பவும் போலத்தான்’ என்ற பதிலுக்கு எத்தனை மதிப்பெண்?

இனிப்புநீர் மருந்து வாங்க அரசாங்க கிளினிக்கிற்கு வந்திருக்கிறார் ஒரு பாட்டி. எண் அழைக்கப்படும் வரை உட்கார்ந்திருக்கும்போது மிஸி ஒரு தாளை நீட்டுகிறார். தாள் மலாயில் இருக்கிறது. பாட்டிக்குத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டது. கூட வந்த பேரன் ஐந்தாம் படிவ மாணவன். அவன் தாளை வாங்கி, படிக்கப் படிக்கத் தமிழில் சொல்கிறான்.

“பாட்டி, ரெண்டு வாரமா டிப்ரெஷனா இருந்துச்சா?”

“அப்படின்னா என்னய்யா?”

“கவலை, பாட்டி.”

“கவலை இல்லாத மனுசன் யாரு? எப்பவும் போலத்தான்.”

பேரன் ‘இல்லை’ என்ற கட்டத்தில் கோடு போடுகிறான். தூக்கம், களைப்பு ஆகிய இரண்டு கேள்விகளுக்கு மட்டும் அடுத்த கட்டத்தில் ஒரு கோடு. ஒன்பது கேள்விகளும் மூன்று நிமிடத்தில் முடிகின்றன. மொத்தம் இரண்டு மதிப்பெண். பாட்டியின் கோப்பில் மனநலப் பிரச்சினை எதுவும் இல்லை என்று பதிவாகிறது.

நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் இது பழகிய காட்சிதான். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. மிஸிக்கு வரிசையில் இன்னும் முப்பது பேர் காத்திருக்கிறார்கள். பேரனும் தனக்குத் தெரிந்த தமிழில் உதவித்தான் செய்தான். ஆனால் அந்த ‘இரண்டு’ எதை அளந்தது? பாட்டியின் மனநிலையையா, பேரனின் தமிழையா?

தாளில் இருப்பது என்ன?

உலகம் முழுவதும் கிளினிக்குகளில் அதிகம் புழங்கும் இத்தகைய தாள்களில் ஒன்று பி.எச்.கியூ-9. அமெரிக்காவில் உருவான இது 2001-இல் வெளியானது. கடந்த இரண்டு வாரங்களில் ஒன்பது தொந்தரவுகள் எத்தனை நாள் இருந்தன என்று கேட்கும். எதிலும் நாட்டமின்மை, மனம் தளர்தல், தூக்கம், களைப்பு, பசி, தன்னைத்தானே நொந்துகொள்வது, கவனம் சிதறுவது, நடையும் பேச்சும் மந்தமாவது அல்லது ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் தவிப்பது, செத்துவிட்டால் நல்லது என்ற நினைப்பு ஆகியவையே அந்த ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை மதிப்பெண். மொத்தம் 27. பொதுவாகப் பத்தும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவர் கூடுதலாக விசாரிக்க வேண்டும்.

இன்னொன்று டாஸ்-21. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் என்ற மூன்றுக்கும் தலா ஏழு கேள்விகள். இதன் மலாய் வடிவம் நம் நாட்டு ஆய்வுகளில் பரவலாகப் பயன்படுகிறது.

இரத்தத்தில் சர்க்கரையை அளக்க ஒரு கருவி இருக்கிறது. விரலில் குத்தினால் போதும், நோயாளி எந்த மொழி பேசினாலும் கருவிக்கு ஒன்றுதான். மனச்சோர்வுக்கு அப்படி ஒரு கருவி கிடையாது. இங்கே கேள்விதான் கருவி, அதில் உள்ள சொற்கள்தான் ஊசி. சொல் மாறினால் அளவும் மாறிவிடும்.

29.2 எங்கே, 2.3 எங்கே?

நாட்டின் தேசிய சுகாதார, நோய்ப்பாதிப்பு ஆய்வின் எண்களையே எடுத்துக்கொள்ளலாம். 2015 ஆய்வின்படி 16 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு மனநலப் பிரச்சினை இருந்தது. கிட்டத்தட்ட மூவரில் ஒருவர் என்று பத்திரிகைகள் தலைப்பிட்டன. 2019 ஆய்வில் மனச்சோர்வு உள்ள பெரியவர்கள் 2.3 விழுக்காடு என்று வந்தது. 2023-இல் அது 4.6 விழுக்காடானது.

நான்கே ஆண்டில் நாடு அவ்வளவு தூரம் குணமாகிவிட்டதா? இல்லை. 2015-இல் பயன்படுத்தியது ஜி.எச்.கியூ-12 என்ற பன்னிரண்டு கேள்விப் பட்டியல். மனம் பொதுவாகக் கலங்கியிருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. 2019-இல் பயன்படுத்தியது பி.எச்.கியூ-9, அது மனச்சோர்வை மட்டும் தேடும். வேறு வலையை வீசினால் வேறு மீன்தான் சிக்கும். 2019-ஐயும் 2023-ஐயும் ஒப்பிடலாம், 2015-ஐ அவற்றோடு சேர்த்து ஒப்பிடக் கூடாது. வாட்ஸ்அப்பில் வரும் ‘மனநோய் குறைந்தது, கூடியது’ என்ற செய்திகளைப் படிக்கும்போது எந்தக் கேள்வித்தாள் என்று முதலில் பார்ப்பது நல்லது.

ஜி.எச்.கியூ-12-இல் பாட்டியின் பதிலோடு நேரடியாகத் தொடர்புடைய ஒரு சங்கதியும் உண்டு. அதில் தூக்கம் கெட்டதா, அழுத்தம் இருந்ததா போன்ற கேள்விகளுக்கான பதில்கள் ‘வழக்கத்தைவிட’ கூடுதலா என்ற முறையில் அமைந்தவை. ‘வழக்கத்தைவிடக் கூடுதல் இல்லை’ என்று சொன்னால் வழக்கமான கணக்கில் பூச்சியம். பத்து வருடமாகத் தூங்காத ஒருவர் ‘எப்பவும் போலத்தான்’ என்றால் அவருக்கும் பூச்சியம்தான். நீண்ட காலமாகத் துன்பப்படுபவர்களை இந்தக் கணக்கு தவறவிடுகிறது என்று 1985-லேயே ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டி, மாற்று மதிப்பெண் முறையையும் முன்வைத்தார்கள். கணவர் போன பிறகு, தோட்டம் துண்டாடப்பட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்த பிறகு, துயரமே வழக்கமாகிப்போன நம் பாட்டிமார்களை நினைத்தால் இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

தமிழ் எழுத்தில் இருந்தால் போதுமா?

‘அப்படியானால் தாளைத் தமிழில் அச்சடித்துக் கொடுத்துவிட வேண்டியதுதானே’ என்று கேட்கலாம். சிக்கல் தொடங்குவதே அங்கேதான்.

பதில் கட்டங்களைப் பாருங்கள். பி.எச்.கியூ-9-இன் ஆங்கில மூலத்தில் ஒரு மதிப்பெண் பெறும் கட்டம் ‘செவரல் டேஸ்’. இரண்டு மதிப்பெண் பெறுவது பாதிக்கும் மேற்பட்ட நாள். முதலாவதை அகராதி பார்த்து ‘பல நாட்கள்’ என்று எழுதிவிடலாம். தமிழில் ‘பல’ என்றால் நிறைய. பதினான்கு நாளில் பத்து நாள் தூங்காதவர்கூட ‘பல நாள் தூங்கல’ என்றுதான் சொல்வார். இரண்டு மதிப்பெண் பெற வேண்டியவர் ஒன்றில் நின்றுவிடுவார். ‘சில நாட்கள்’ என்று எழுதினால் படிகள் சரியாக ஏறும். ஒரு எழுத்து வித்தியாசம், ஒன்பது கேள்விகளிலும் மதிப்பெண்ணைக் கீழே இழுத்துவிடும்.

அடுத்தது ‘மன அழுத்தம்’. நம் நாளிதழ்களும் வானொலியும் ‘ஸ்ட்ரெஸ்’ என்பதற்கும் இதே சொல், ‘டிப்ரெஷன்’ என்பதற்கும் இதே சொல் என்று புழங்கிவருகின்றன. பேச்சில் குழப்பமில்லை, சூழலை வைத்துப் புரிந்துகொள்கிறோம். ஆனால் இரண்டையும் தனித்தனியே அளப்பதற்கென்றே செய்த டாஸ்-21-இல் இந்தச் சொல் ஓர் ஓட்டை. ‘மனச்சோர்வு’ என்று மாற்றினால் அது படித்தவர் சொல். உழைத்து வந்தவர் காதில் ‘சோர்வு’ உடம்புக் களைப்பாக விழும். செம்பனைக் குலை அறுத்துவிட்டு வந்தவரிடம் சோர்வாக இருக்கிறதா என்று கேட்டால் என்ன பதில் வரும்?

பிறகு நம் ‘இல்லை’. ‘தூக்கம் வராமல் இருந்ததா?’ என்று கேட்டால் ‘இல்லைங்க’ என்று பதில் வரும். தூக்கம் இல்லை என்கிறாரா, பிரச்சினை இல்லை என்கிறாரா? எதிர்மறையில் கேட்ட கேள்விக்கு நம்மவர்கள் சொல்லும் ‘ஆமா’வும் ‘இல்லை’யும் இரண்டு பக்கமும் போகும். ‘எத்தனை நாள் தூக்கம் கெட்டுச்சு?’ என்று எண்ணிக்கையாகக் கேட்டால் அந்தக் குழப்பம் எழாது.

சொல் சரியாக இருந்தும் வாழ்க்கை பொருந்தாமல் போகும் இடங்களும் உண்டு. பி.எச்.கியூ-9 கவனச் சிதறலுக்குக் காட்டும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று நாளிதழ் வாசிப்பது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அது பொருந்தாது. டாஸ்-21-இல் பதற்றத்தின் அடையாளமாக வாய் உலர்வதும் கை நடுங்குவதும் கேட்கப்படுகின்றன. சர்க்கரை கூடினால் வாய் உலரும், குறைந்தால் கை நடுங்கும். நாட்டில் நீரிழிவு விகிதம் அதிகமுள்ள சமூகம் நம்முடையது. இந்த ஏழு கேள்விகளில் ஓர் இனிப்புநீர்க்காரர் பெறும் மதிப்பெண்ணில் எவ்வளவு பதற்றம், எவ்வளவு சர்க்கரை என்று பிரித்துப் பார்க்க வேண்டும் அல்லவா?

குடிப்பழக்கத்தை அளக்கும் உலகச் சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ என்ற பத்துக் கேள்விப் பட்டியலிலும் இதே கதைதான். குடிக்கும் நாளில் எத்தனை ‘டிரிங்க்’ என்று அது கேட்கும். பொதுவாக 10 கிராம் மதுச்சாரம் ஒரு டிரிங்க். கள்ளை எந்தக் குவளையில் ஊற்றினார்கள், சம்சு போத்தலை எத்தனை பேர் பங்கு போட்டார்கள் என்று தெரியாமல் அந்தக் கணக்கு வராது. கேள்வி கேட்பவர் கையில் உள்ளூர்ப் போத்தல்களின் படம் இருந்தால் ஒருவேளை வரும்.

‘நீலமாக உணர்கிறேன்’

ஒரு கேள்வித்தாளை முறையாக மொழிபெயர்க்க வழிமுறைகள் உண்டு. இரு மொழியும் அறிந்த இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பார்கள். அவர்களில் ஒருவருக்கு மருத்துவம் தெரிந்திருக்க வேண்டும், மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது. சாதாரண மக்களின் சொல் அவரிடமிருந்துதான் வரும். இரண்டையும் ஒன்றாக்கிய பிறகு, மூலத்தைப் பார்க்காத வேறு இருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்பி மொழிபெயர்ப்பார்கள். திரும்பி வந்தது மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு குழு பார்க்கும். இந்தத் திருப்பு முறையை 1970-இல் பரவலாக்கியவர் ரிச்சர்ட் பிரிஸ்லின் என்ற உளவியலாளர்.

இதை மட்டும் செய்துவிட்டு ‘மொழிபெயர்ப்பு சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிவிடுகிறவர்களும் உண்டு. அது போதாது. டாஸ்-21-இல் மனம் வாடியதைக் குறிக்க ‘புளூ’ என்ற சொல் வருகிறது. ஆங்கிலத்தில் அதற்குத் துக்கம் என்று பொருள். யாராவது அதை ‘நீலமாக உணர்ந்தேன்’ என்று எழுதினால் என்ன ஆகும்? திருப்பி மொழிபெயர்ப்பவர் அதை அப்படியே ‘புளூ’ என்றுதான் எழுதுவார். மூலத்தோடு நூற்றுக்கு நூறு பொருந்திவிடும். தமிழில் மட்டும் அது அர்த்தமில்லாத வாக்கியம். மோசமான மொழிபெயர்ப்புக்கு இந்தச் சோதனையில் நல்ல மதிப்பெண் கிடைப்பது வேடிக்கைதான்.

அதனால்தான் அடுத்த படி முக்கியம். முப்பது, நாற்பது பேரிடம் தாளைக் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியாக நிறுத்தி, ‘இதில் என்ன கேட்கிறார்கள் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்’ என்று கேட்பார்கள். ‘எதை நினைத்து இந்தப் பதில் சொன்னீர்கள்?’ என்றும் கேட்பார்கள். இந்த இடத்தில்தான் ‘சோர்வு’ களைப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டது வெளிவரும். ‘நெஞ்சு பாரமா இருக்கு’, ‘மனசு ஒடஞ்சு போச்சு’, ‘ஒண்ணுமே புடிக்கல’ போன்ற பேச்சுவழக்கும் ஆய்வாளர் காதுக்கு வந்துசேரும். அகராதியில் கிடைக்காத இந்தச் சொற்களுக்காகவே அந்த முப்பது பேரோடு உட்கார வேண்டியிருக்கிறது.

அந்த முப்பது பேர் யார் என்பதும் கவனிக்க வேண்டியது. முப்பது பல்கலைக்கழக மாணவர்களிடம் சோதித்த தாள் பாட்டிக்குப் பொருந்தும் என்பதற்கு உறுதி இல்லை. சென்னையில் சோதித்த தமிழும் இங்கே அப்படியே ஓடாது. ‘பசியாறியாச்சா?’ என்றால் நமக்குச் சாப்பாட்டு விசாரிப்பு. ‘இனிப்புநீர்’, ‘போத்தல்’ எல்லாம் நம் பேச்சு. உலகளவில் புழங்கும் இ.க்யூ-5டி என்ற உடல்நலத் தரக் கேள்வித்தாளில் இந்தியத் தமிழுக்கு ஒரு வடிவமும் சிங்கப்பூர்த் தமிழுக்குத் தனியாக ஒரு வடிவமும் இருப்பது காரணமில்லாமல் இல்லை.

இந்த வேலையில் தமிழ் படித்தவர்களால் கெடுதலும் வரலாம். ‘பசியின்மை’, ‘ஈடுபாடின்மை’ என்று தூய சொல்லாகப் போட்டு அழகு பார்க்கத் தோன்றும். மேடைக்கு அது சரி. கிளினிக் தாளுக்குத் ‘சாப்பாடு இறங்கலையா?’ என்பதுதான் சரியான தமிழ். தமிழாசிரியரும், தோட்டத்து மருந்தகத்தில் வேலை பார்த்த பழைய டிரெஸ்ஸரும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது.

தராசும் முத்திரையும்

மளிகைக் கடைத் தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். தராசு நன்றாகச் செய்யப்பட்டிருக்கலாம், சரிபார்த்தால்தான் நம்பிக்கை. மொழிபெயர்த்த கேள்வித்தாளும் அப்படித்தான். மொழிபெயர்ப்பு முடிந்தபின் தொடங்கும் இந்தச் சரிபார்ப்பை ஆய்வாளர்கள் ஏற்புடைமைச் சோதனை என்கிறார்கள்.

முதலில், ஒரே ஆளை ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டால் ஏறக்குறைய அதே எண் வருகிறதா என்று பார்ப்பார்கள். ஒரே விஷயத்தைக் கேட்கும் கேள்விகளுக்கு ஒருவர் ஒத்த பதில் தருகிறாரா என்றும் பார்ப்பார்கள். இதற்கு 1951-இல் குரோன்பாக் தந்த ‘ஆல்ஃபா’ என்ற கணக்கு உண்டு, 0.7-க்கு மேல் வந்தால் ஏற்கத்தக்கது என்பது வழக்கம். ஆய்வுக் கட்டுரைகளில் இந்த எண்ணை முன்னால் போட்டுப் பெருமைப்படுவார்கள். ஆனால் எடை குறைத்துக் காட்டும் தராசும் ஒவ்வொரு முறையும் அதே அளவு குறைத்துத்தான் காட்டும். டாக்டர் மனம் கோணக் கூடாது என்று எல்லாக் கேள்விக்கும் ‘ஆமாங்க’ சொல்லும் நோயாளிகளிடமும் ஆல்ஃபா அழகாக ஏறும். ஒரே சீராக இருப்பது வேறு, உண்மையாக இருப்பது வேறு.

உண்மையைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. தாளை நிரப்பியவர்களை மனநல மருத்துவர் ஒருவர், மதிப்பெண்ணைப் பார்க்காமல், தனியே உட்கார்ந்து விசாரிப்பார். மருத்துவர் கண்டுபிடித்தவர்களில் எத்தனை பேரைத் தாளும் பிடித்தது, நன்றாக இருப்பவர்களில் எத்தனை பேரைத் தாள் தவறாகப் பிடித்தது என்று கணக்கிடுவார்கள். எந்த மதிப்பெண்ணில் கோடு கிழிப்பது என்பது அதிலிருந்து தெரியும்.

அந்தக் கோடு ஊருக்கு ஊர் மாறக்கூடியது. பிள்ளை பெற்ற தாய்மாரின் மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ பட்டியல் என்ற பத்துக் கேள்விகள் உள்ளன. பிரிட்டனில் 1987-இல் வெளியானபோது 12-க்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும் என்றார்கள். தமிழ்நாட்டில் அதன் தமிழ் வடிவத்தைச் சரிபார்த்து 2005-இல் வெளியான ஆய்வு, 8-க்கு மேல் வந்தாலே கவனிக்க வேண்டும் என்று கண்டது. கோட்டைப் பழைய இடத்திலேயே வைத்திருந்தால் 9, 10, 11, 12 பெற்ற தாய்மார்கள் ‘நன்றாக இருக்கிறார்கள்’ என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள். ‘பச்சை உடம்புக்காரி அழக் கூடாது’ என்று அடக்கி வளர்க்கும் வீட்டில் ஒரு பெண் எட்டு மதிப்பெண் வரை சொன்னதே பெரிய காரியம். மலேசியத் தமிழ்ப் பெண்களுக்கு அந்தக் கோடு எட்டா, பத்தா, பன்னிரண்டா என்பதை இங்கேயே பார்க்க வேண்டும், இரவல் வாங்க முடியாது.

இதற்கெல்லாம் ஆட்கள் வேண்டும். ஒரு கேள்விக்கு ஐந்து முதல் பத்துப் பேர் என்பது ஆய்வாளர்கள் பலர் கையாளும் கணக்கு. டாஸ்-21-க்கு மட்டும் நூற்றைந்து முதல் இருநூற்றுப் பத்துப் பேர். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் இருக்கும் ஒரு சமூகத்தில், அதிலும் மலாய் தெரியாத முதியவர்களை மட்டும் தேடிப் பிடிப்பது செலவும் அலைச்சலும் பிடித்த வேலை. எளிய வழி, மலாய் தெரிந்தவர்களை மட்டும் ஆய்வில் சேர்ப்பது. அப்படிச் செய்தால் யாருக்கு அந்தக் கேள்வித்தாள் அதிகம் தேவையோ அவர்களே கணக்கில் இல்லாமல் போகிறார்கள்.

‘உலகம்’ என்பதைத் திருப்பிச் சொல்லுங்கள்

இதுவரை பார்த்தது நோயைத் தவறவிடும் ஆபத்து. இல்லாத நோயை ஒட்டவைக்கும் ஆபத்தும் உண்டு.

முதியவர்களின் மறதியைச் சோதிக்க 1975-இல் வந்த எம்.எம்.எஸ்.இ. என்ற முப்பது மதிப்பெண் சோதனை மிகப் பிரபலம். அதில் ‘இது என்ன பருவம்?’ என்று ஒரு கேள்வி. வசந்தமும் பனியும் வரும் நாட்டுக்கு அது சரி. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் ஈப்போவில் என்ன சொல்வது?

அதே சோதனையில் ‘வேர்ல்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பின்னிருந்து எழுத்துக்கூட்டச் சொல்வார்கள். ஐந்து எழுத்து, ஐந்து மதிப்பெண். தமிழில் ‘உலகம்’ என்று மாற்றினால் நான்கே எழுத்து. ஒரு மதிப்பெண் காற்றில் போய்விடும். திருப்பிச் சொன்னால் முதலில் வருவது ‘ம்’. தமிழ்ச் சொல் எதுவும் மெய்யெழுத்தில் தொடங்காது என்பது இலக்கணம். பள்ளி போகாதவருக்கும் அந்த இலக்கணம் நாக்கில் இருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படித்தே இராத ஒருவரிடம் இதைக் கேட்டு, தடுமாறினால் மறதி நோய் என்று எழுதுவது எந்த வகையில் நியாயம்?

இதை முன்பே யோசித்துச் செய்தவர்கள் இருக்கிறார்கள். டெல்லிக்கு அருகே பல்லப்கரில், எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து முதியவர்களுக்காக எம்.எம்.எஸ்.இ.யின் இந்தி வடிவம் 1995-இல் வெளியானது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதற்குப் பதில் இருபதிலிருந்து மூன்று மூன்றாகக் கழிக்கச் சொன்னார்கள். ஒரு வாக்கியம் எழுதச் சொல்வதற்குப் பதில் வீட்டைப் பற்றி வாயால் ஏதாவது சொல்லச் சொன்னார்கள். பக்கத்திலேயே சிங்கப்பூரிலும், முதியோர் நலம் பற்றிய தேசிய ஆய்வை 2010-களின் தொடக்கத்தில் ஆங்கிலம், சீனம், மலாயோடு தமிழிலும் நடத்தினார்கள். நான்கு ஆட்சிமொழிகள் உள்ள நாட்டுக்கு அது இயல்பாக அமைந்த வசதி.

வெளியிலிருந்து கேள்வியைக் கொண்டுவராமல் உள்ளிருந்தே தொடங்குவதும் சாத்தியம். ஜிம்பாப்வேயில் மக்கள் தங்கள் மனத்துயரை ‘குஃபுங்கிசிசா’ என்பார்கள். ‘அளவுக்கு மீறி யோசிப்பது’ என்று பொருள். அந்த ஊர்ச் சொற்களிலிருந்தே பதினான்கு கேள்விகள் கொண்ட பட்டியலை 1990-களில் உருவாக்கினார்கள். கிளினிக் வாசலில் மர பெஞ்சில் உட்கார்ந்து, பயிற்சி பெற்ற பாட்டிமார்களே அந்தக் கேள்விகளைக் கேட்டு ஆறுதல் சொல்லும் திட்டம் பின்னர் உலகப் புகழ் பெற்றது. நம் பாட்டிமார்கள் ‘ஒரே யோசனையா இருக்கு’ என்று சொல்வதும் அதே சங்கதிதான். அந்த வாக்கியத்துக்கு எந்தத் தாளிலும் கட்டம் இல்லை.

தமிழுக்கு இந்த வாசல் முழுக்க அடைத்துக் கிடந்ததென்றும் சொல்லிவிட முடியாது. உலகச் சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரக் கேள்வித்தாளை உருவாக்கியபோது, உலகின் பதினைந்து மையங்களில் ஒரே நேரத்தில் மக்களிடம் பேசித்தான் கேள்விகளைத் திரட்டியது. அந்தப் பதினைந்தில் ஒன்று அன்றைய மெட்ராஸ்.

பேரன் செய்யக் கூடாதது

நல்ல தமிழ்த் தாள் கைக்கு வரும்வரை என்ன செய்வது? கிளினிக்கில் தமிழ் தெரிந்த தாதியோ உதவியாளரோ இருக்கிறாரா என்று கேட்கலாம். கேட்பதில் தவறில்லை. மகனோ மருமகளோ பேரனோ மொழிபெயர்ப்பது கடைசி வழியாக இருக்கட்டும். மகன் எதிரில் தாய் அவன் வீட்டில் படும் வேதனையைச் சொல்லமாட்டாள். மருமகள் எதிரில் மாமியார் வாயே திறக்கமாட்டார். அப்படியே மொழிபெயர்க்க வேண்டி வந்தாலும், பதிலைச் சுருக்கிக் கட்டத்தில் போடாமல், சொன்னதை முழுதாக மருத்துவரிடம் சொல்லுங்கள். ‘எப்பவும் போலத்தான்’ என்றால் ‘எத்தனை வருசமா?’ என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். நாள் கணக்கு புரியாதவரிடம் பதினான்கு புளியங்கொட்டையை எடுத்து வைத்து, தூங்காத நாளுக்கு ஒன்றாக நகர்த்தச் சொன்னாலும் போதும்.

ஒன்பதாவது கேள்வியில் தனிக் கவனம் வேண்டும். ‘போய்ச் சேந்துட்டா நிம்மதி’, ‘எமன் என்னை மறந்துட்டான்’ என்று பெரியவர்கள் சொல்வது நமக்குப் பழகிவிட்டது. பேச்சு வழக்கு என்று பேரன் சிரித்துவிட்டு ‘இல்லை’ போட்டுவிடுவான். வழக்காகவும் இருக்கலாம், வழக்கின் பின்னால் ஒளிந்திருக்கும் எண்ணமாகவும் இருக்கலாம். அதைப் பிரித்தறிவது பேரனின் வேலையல்ல. அந்த வாக்கியத்தை அப்படியே மருத்துவர் காதில் போடுவதுதான் அவன் வேலை. வீட்டில் யாருக்காவது அந்த எண்ணம் அடிக்கடி வருவதாகத் தெரிந்தால் அடுத்த சந்திப்புத் தேதி வரை காத்திருக்க வேண்டாம். சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ உதவி எண் 15555. கோலாலம்பூர் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-76272929.

மதிப்பெண் கூடி வந்தால் பயப்படவும் வேண்டாம். இந்தத் தாள்கள் நோயைத் தீர்மானிப்பவை அல்ல, மருத்துவர் கூடுதலாகப் பேச வேண்டியவர் யார் என்று காட்டுபவை மட்டுமே. குறைந்து வந்தாலும் அதோடு விட்டுவிட வேண்டியதில்லை. ‘தாள்ல ரெண்டுதான் வந்திருக்கு, ஆனா பாட்டி மூணு மாசமா கோயிலுக்குக்கூட போகல’ என்று பேரன் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொன்னால், மருத்துவர் அந்த எண்ணை ஓரமாக வைத்துவிட்டுப் பாட்டியின் பக்கம் நாற்காலியைத் திருப்பக்கூடும்.

எப்போதாவது ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர் கோயில் மண்டபத்துக்கோ குடியிருப்புக்கோ வந்து, இப்படியொரு தமிழ்த் தாளைச் சோதிக்க ஆள் வேண்டும் என்று கேட்கலாம். விருப்பமிருந்தால் சேரலாம், பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்துவிடலாம். அந்த உரிமையை அவர் முதலிலேயே எழுத்தில் தர வேண்டும். உட்காருகிறவர் புரியாத கேள்விக்குத் தலையாட்டிவிட்டு வரக் கூடாது. ‘இந்தக் கேள்வி எனக்கு விளங்கல தம்பி’ என்று பாட்டி சொன்னால், அவர் வந்த வேலையே அந்த ஒரு பதிலுக்காகத்தான்.